உதட்டுப் புண்ணுக்கு ஒரு படிகாரக் கல்

அவருடைய சலூனில் முதல் தடவை உட்காருகிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். இந்த ஆள் நமக்குச் சவரம் செய்யப் போகிறாரா, இல்லை முகத்தைத் துவைத்துக் காயப்போடப் போகிறாரா என்று. அவ்வளவு நுரை போடுவார். மூக்கு நுனியும் இரண்டு கண்ணும் மட்டும் வெளியே தெரியும். அதனால் தெருவில் எல்லாருக்கும் அவர் 'நுரை'. சொந்தப் பெயர் கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

மூன்று நாற்காலி போட்ட கடை. அதில் ஒன்று சுழலாது. பழக்கப்பட்டவர்கள் அதில் உட்கார மாட்டார்கள், புதிதாக வருகிறவர்தான் போய் மாட்டுவார். கண்ணாடிக்குக் கீழே பலகையில் பிரஷ், கத்தி, பவுடர் டப்பா, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு படிகாரக் கல். சவரம் முடிந்ததும் அந்தக் கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தாடையில் ஒரு இழுப்பு இழுப்பார். சுரீர் என்று எரியும், கீறல் இருந்தால் ரத்தம் நிற்கும். தன் நாற்காலியிலிருந்து ஒருவரும் ரத்தத்தோடு இறங்கிப் போனதில்லை என்பதில் நுரைக்கு ஒரு பெருமை.

பெருமைப்பட அவருக்கு வேறு இடமும் இல்லை. வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. தெருக்கோடியில் இஸ்திரிக் கடை வைத்திருந்த அவர் மனைவி, அவர் வாயைத் திறந்ததுமே "உங்களுக்குத் தெரியாது, விடுங்க" என்பாள். மகளும் அம்மாவிடமிருந்து அதைப் படித்துக்கொண்டாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு போனில் சொன்னாள், "அப்பா, உங்களுக்குத் தெரியாது, அம்மாகிட்டக் குடுங்க." மருமகன் மட்டும் மரியாதையாக "உங்களுக்குத் தெரியாததா மாமா" என்பார். அதுவும் அதே அர்த்தத்தில்தான் என்று நுரைக்குத் தோன்றும்.

இப்படி இருந்த மனிதர் ஒரு நாள் வைத்தியர் ஆனார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் வாடிக்கையாளர். ஆண்டுவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அவர் இரண்டு மணி நேரத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மேலுதட்டு ஓரத்தில் கொத்தாகக் கொப்புளம். உடைந்து, பொருக்குத் தட்டி, முகத்தில் அது ஒன்றுதான் தெரிந்தது. சவரத்துக்கு வந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தன் கதையைச் சொன்னார்.

"அறிவியல் டீச்சர் பற்பசை தடவச் சொன்னாங்க. தடவினேன், வெள்ளையா காஞ்சு உதிர்ந்துச்சு. கிளார்க் பூண்டு நசுக்கி வைக்கச் சொன்னாரு. வச்சேன், ராத்திரி பூரா உசிரு போச்சு. மச்சான் தேன் சொன்னாரு. எறும்பு வந்துச்சு."

"அப்புறம் சார்?"

"அம்மா போன்ல காதுக் குறும்பியை எடுத்துத் தடவச் சொன்னாங்க. யாரு காதுலேருந்துன்னு சொல்லலை. கேக்குறதுக்கும் கூச்சமா இருந்துச்சு."

"எதனால வந்துச்சாம்?"

"எட்டுக்கால் பூச்சி ஓடியிருக்கும்ங்கிறாங்க. உடம்புச் சூடுங்கிறாங்க. என் சம்சாரம், பொய் சொன்னா வரும்ங்கிறா."

நுரை பக்கத்தில் குனிந்து பார்த்தார். பொருக்கு காய்ந்து ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நின்றது. ஏதோ தோன்றியது, கல்லை நனைத்து அதன்மேல் மெதுவாக இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். தலைமையாசிரியர் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு நாளில் பொருக்கு விழுந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்.

அது தானாகவே விழவிருந்த பொருக்கு. ஆனால் கடைசியாகக் கை வைத்தவருக்குத்தானே பெயர் போகும். ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் மூன்று மணி நேரம் பேசினார். அதில் கால் மணி நேரம் நுரையின் கல்லைப் பற்றி. பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் கைவிட்ட நோயை ஒரு சாதாரணத் தொழிலாளி தொட்டுத் தீர்த்தார் என்றார். அறிவியல் டீச்சர் மேடையிலேயே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து உதடுகள் வர ஆரம்பித்தன.

நுரை யாரையும் தெரிந்தே ஏமாற்றவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் ஆராய்ச்சியே செய்தார். நேற்றுத்தான் உதடு குறுகுறுக்க ஆரம்பித்தது என்று வந்தவர்களுக்குக் கல் கேட்கவில்லை, கொப்புளம் இன்னும் பெரிதாகத்தான் ஆனது. காய்ந்த புண்ணோடு வந்தவர்களுக்கோ உடனே குணம். வேறு ஒருவராக இருந்தால் இதிலிருந்து கல்லைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். நுரை நோயாளிகளைப் பற்றி முடிவுக்கு வந்தார்.

"இன்னும் பழுக்கலை," என்று அனுப்பிவிடுவார். "உடைஞ்சு காஞ்சு ஓரம் தூக்கட்டும். அப்ப வா."

"அதுவரைக்கும் என்னண்ணே செய்யறது?"

"பொறுமையா இரு. பச்சைப் புண்ணுல கல்லு வேலை செய்யாது."

இந்த முறையைக் கொண்டுவந்த பிறகு அவரிடம் வந்து குணமாகாதவர் ஒருவரும் இல்லை. 'உதட்டு டாக்டர்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. இஸ்திரிக் கடையில் மனைவியிடம் துணி கொடுக்க வருகிறவர்கள், "டாக்டர் இருக்காருங்களா" என்று கேட்பார்கள். "டாக்டர் சிரைச்சிக்கிட்டு இருக்காரு, போய்ப் பாருங்க" என்பாள் அவள். ஆனாலும் பழையபடி "உங்களுக்குத் தெரியாது" என்று சொல்வது கொஞ்சம் குறைந்திருந்தது. நுரை அதைக் கவனித்தார்.

எதிரே இருந்த பழக்கடைக்காரருக்கு இது பொறுக்கவில்லை. பூண்டு வைத்தியம் அவருடையது, அதுதான் அந்தத் தெருவில் முதலில் வந்தது என்பது அவர் வழக்கு. ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு கூடை பூண்டை வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவே இரண்டு கட்சியானது. பூண்டுக் கட்சிக்காரர்களைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லிவிடலாம்.

நுரை யோசிக்கத் தவறிய விஷயம் ஒன்று இருந்தது. முன்பெல்லாம் தெருவில் எப்போதோ ஒருவருக்கு வந்த புண், இப்போது அடிக்கடி வந்தது. சும்மா சவரத்துக்கு வந்துபோன ஆட்களே பத்துப் பதினைந்து நாள் கழித்து உதட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கூட்டம் கூடுவது தன் கைராசி என்று நுரை நினைத்தார். அவருடைய வைத்தியத்துக்கு நோயாளிகளைப் பிடித்துக் கொடுத்ததே அந்தக் கல்தான் என்று யார் வந்து சொல்வது?

சொல்ல அவருடைய கொழுந்தியாள் வந்தாள்.

மகளுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாய் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மனைவியின் தங்கை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் பிரிவில் நர்ஸ், கொஞ்சம் கண்டிப்பானவள். லீவு போட்டுவிட்டு முன்கூட்டியே வந்து, உள்ளறையைக் கழுவி, திரைச்சீலையைத் துவைத்து, வீட்டையே வார்டு ஆக்கிக்கொண்டிருந்தாள். மகளுக்கு என்ன ஆகுமோ என்று நுரை சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அவளுக்காக வெயிலில் கட்டில் தேடி அலைந்திருந்தார். இரண்டும் சேர்ந்து கீழுதட்டில் குறுகுறுவென்று ஆரம்பித்து, காலையில் எழுந்தபோது மூன்று கொப்புளம்.

உதட்டு டாக்டருக்கே உதட்டில். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போது அது எவ்வளவு நேரம் தாங்கும்?

"கையை எடுங்க அத்தான்," என்றாள் கொழுந்தியாள்.

எடுத்தார். பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எப்பலேருந்து?"

"இன்னைக்குத்தான். ஒண்ணும் பயமில்லை. பழுத்ததும் கல்லை வச்சா ரெண்டே நாள்."

"எந்தக் கல்லு?"

அக்கா நடுவில் புகுந்து எல்லாவற்றையும் சொன்னாள். கொழுந்தியாள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அத்தான், பூச்சியும் இல்லை, சூடும் இல்லை. இது ஒட்டுவாரொட்டி. ஒரு தடவை உள்ள வந்துச்சுன்னா நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கும். காய்ச்சல், வெயில், தூக்கமில்லாம இருக்கறது, கவலை, இப்படி ஏதாச்சும் வந்தா எழுந்து உதட்டுக்கு வரும். வாரம் பத்து நாள்ல தானாப் போயிடும். குறுகுறுக்கும்போதே மருந்துக்கடைக் களிம்பைப் போட்டா ஒரு நாள் முன்னாடி போகும், அவ்வளவுதான். ஐஸ் வச்சா வலி அடங்கும். தேன் தடவினா கெடுதல் இல்லை. பூண்டு தோலைச் சுட்டுடும்."

"அப்ப கல்லு?"

"உங்க கடைல மொத்தம் எத்தனை கல்லு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதான்," என்றார் நுரை. அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"எத்தனை உதடு?"

நுரை விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டார். மனைவி அவருடைய தண்ணீர் டம்ளரை எடுத்து, அவர் பக்கத்தில் தனியாக வைத்தாள்.

"ஒருத்தர் புண்ணுல தேய்ச்ச கல்லை அடுத்தவர் கீறல்ல தேய்ச்சிருக்கீங்க. துண்டும் ஒண்ணுதான்னு வச்சுக்கறேன்," என்றாள் கொழுந்தியாள். "அது போகட்டும். குழந்தை வருது. நமக்கு இது உதட்டுப் புண்ணு, பிறந்த குழந்தைக்கு உசிருக்கே ஆபத்து. முழுசாத் தோல் மூடுற வரைக்கும் முத்தம் கித்தம்னு யாரும் பக்கத்துல போகக் கூடாது. நீங்க அந்த அறை வாசலைத் தாண்டக் கூடாது."

"என் பேரனை நான் பார்க்கக் கூடாதா?"

"பார்க்கலாம். வாசல்லேருந்து."

நுரைக்குக் கோபம் வந்தது. இவள் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறாள், நான் கண்ணால் பார்த்தவன் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் கடையைச் சீக்கிரமே திறந்து, யாரும் வருமுன் தன் பச்சைப் புண்ணில் தானே கல்லைத் தேய்த்தார். மற்றவர்களுக்குச் சொன்ன பொறுமை தனக்கு வரவில்லை. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மத்தியானம் கொப்புளம் மூன்று ஐந்தாகியிருந்தது. வீட்டில் பற்பசையைத் தடவினார். எலுமிச்சம்பழம் பிழிந்தார். கடைசியில் வெட்கத்தை விட்டு, வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டு பழக்கடைக்குப் போய்ப் பூண்டு கேட்டார்.

"எதுக்கு?" என்றார் பழக்கடைக்காரர்.

"வீட்டுக்கு."

"வீட்டுக்கா, உதட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான்."

"சரி. நசுக்கினதும் உடனே வைங்க, ஆற விடாதீங்க," என்றார் பழக்கடைக்காரர். அன்று அவர் கடையில் வாங்கினவர்களுக்கெல்லாம் ஒரு பழம் கூடவே கிடைத்தது.

மறுநாள் காலையில் நுரையின் கீழுதடு தனியாக ஒரு ஆள் மாதிரி வெளியே நின்றது. மனைவி பார்த்துவிட்டு, "உதட்டைக் காப்பாத்தப் போய் மூஞ்சியே போச்சு," என்றாள். கொழுந்தியாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். நல்லவேளை, சிரிக்கவில்லை.

அன்று அவர் கடையைத் திறக்காமல் இருந்திருக்கலாம். திறந்தார். தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்தார். அவருக்குத் திரும்பவும் மேலுதட்டில் குறுகுறுப்பு, இரண்டு சின்னக் கொப்புளம். நுரை வாயைச் சுற்றித் துணி கட்டியிருந்ததை அவர் சுத்தத்துக்கு என்று எடுத்துக்கொண்டார்.

"இன்னும் பழுக்கலை சார்," என்றார் நுரை.

"எனக்குமா இந்தச் சட்டம்? ஆண்டுவிழாவுல உங்களைப் பத்தி எவ்வளவு பேசினேன்."

கொழுந்தியாள் சொன்னது காதில் இருந்தது. ஆனால் உலகத்தில் தன்னைப் பற்றிக் கால் மணி நேரம் மேடையில் பேசிய ஒரே மனிதர் இவர். நுரை கல்லைக் கொதிக்கிற வெந்நீரில் காட்டினார். மனச்சாட்சிக்கு அது போதும் என்று நினைத்து, இரண்டு தேய்ப்புத் தேய்த்து அனுப்பினார். யாரிடமும் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் மாலை குழந்தை வீட்டுக்கு வந்தது. நுரை அறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். துணிச்சுருளுக்குள் உள்ளங்கை அளவு முகம். தலையில் முடி இல்லை. தொழில் புத்தி போகாமல், இதற்கு எப்போது முடி முளைக்கும், முதலில் எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தார். மகள் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். மனைவியும் தங்கையும் சமையலறையில் இருந்தார்கள்.

அப்போது தலைமையாசிரியர் வந்தார். கையில் ஒரு பொம்மை, முகத்தில் சிரிப்பு. "பேரனைப் பார்க்காம இருக்க முடியுமா," என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலைத் தாண்டி உள்ளே போனார். தொட்டிலின் மேல் குனிந்தார். "அடடா, அப்படியே தாத்தா ஜாடை," என்று இன்னும் குனிந்தார்.

நுரை வாசலைத் தாண்டினார். அவர் கை யோசிக்கவில்லை, பழக்கத்தில் போயிற்று. நாற்காலியில் இருப்பவர் தாடையைத் திருப்புவது போலவே இரண்டு விரலால் தலைமையாசிரியரின் தாடையைப் பிடித்து, பக்கவாட்டில் திருப்பி, அப்படியே மேலே தூக்கினார். தலைமையாசிரியரும் பல வருஷப் பழக்கத்தில் அசையாமல் நின்றார்.

"சார், முத்தம் குடுக்காதீங்க."

"ஏன்? நேத்துதானே நீங்க கல்லு வச்சீங்க. எனக்குத்தான் குணமாயிடுச்சே."

உண்மையைச் சொல்லாமல் நுரை வேறு ஏதாவது சாக்குச் சொல்லலாம். குழந்தை தூங்குது என்று சொல்லலாம். ஆனால் இவர் நாளைக்கும் வருவார், வேறு குழந்தையிடமும் போவார்.

"குணமாகலை சார். அந்தக் கல்லு ஒண்ணும் செய்யாது. என் உதட்டைப் பாருங்க." துணியை அவிழ்த்தார்.

தலைமையாசிரியர் பார்த்தார். இரண்டடி பின்வாங்கினார்.

"அது தானா வந்து தானாப் போறது சார். போற நேரத்துல நான் தேய்ச்சேன். நான்தான் நிறையப் பேருக்கு ஒட்ட வச்சிருக்கேன். உங்களை வெளியே போங்கன்னு சொல்றதுக்கு மன்னிச்சிடுங்க. நானும் வெளியே வர்றேன்."

இரண்டு பேரும் வெளியே வந்தபோது சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "ரெண்டு பேரும் போய்க் கையைக் கழுவுங்க," என்று மட்டும் சொன்னாள். இரவு சாப்பாட்டில் நுரை கேட்காமலே அவருக்கு இரண்டாம் தடவை பரிமாறினாள்.

உண்மையைச் சொன்னால் தெருவே காறித் துப்பும் என்று நுரை எதிர்பார்த்தார். நடந்தது வேறு. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கல் வேலை செய்யாது என்று சொல்ல ஆரம்பித்தார். ஒருவரும் நம்பவில்லை. கல்லை வசதியானவர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்றார்கள் சிலர். தலைமையாசிரியர் அதற்கும் ஒரு படி மேலே போய், பெரிய வைத்தியர்களுக்கே உரிய தன்னடக்கம் என்று ஆசிரியர்கள் கூட்டத்தில் விளக்கினார். பொய் சொன்னபோது இருந்த பெயரைவிட, உண்மை சொன்ன பிறகு பெயர் பெரிதாகிவிட்டது.

"நான் என்னதான் செய்யறது?" என்று கொழுந்தியாளிடம் கேட்டார். "கல்லு வேண்டாம்னா பூண்டுக்குப் போறாங்க. பூண்டு வச்சுச் சுட்டுக்கிட்டுத் திரும்ப எங்கிட்ட வர்றாங்க."

"வேணும்னு அடம் பிடிக்கறவங்களுக்குக் குடுத்துடுங்க அத்தான். ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு. அவங்க கல்லை அவங்களே தேய்ச்சுக்கட்டும், வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. முகம் துடைக்கிற துண்டுக்குப் பதிலா காகிதம் வைங்க. ஆளுக்கு ஒரு புது பிளேடு."

நுரை பழைய கல்லைச் சாக்கடையில் போட்டார். பொட்டலம் பொட்டலமாகச் சின்னத் துண்டுகள் வாங்கி வைத்தார். கொடுக்கும்போதெல்லாம் கூடவே சொல்வார்: "இதுல ஒண்ணும் இல்லை. நல்லாத் தூங்கு. வெயில்ல நிக்காதே. உன் டம்ளரை யாருக்கும் குடுக்காதே. வீட்டுல கைக்குழந்தை இருந்தா பக்கத்துல போகாதே." கேட்பவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். கல்லைத் தேய்ப்பதற்கு முன்னால் கடைப்பிடிக்க வேண்டிய பத்தியம் என்று அதை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டபடியே நடந்தார்கள்.

சில மாதத்தில் தெருவில் புதிதாகப் புண் வருவது குறைந்தது. இதற்குக் காரணம் என்ன என்று டீக்கடையில் விவாதம் நடந்தது. பொதுக் கல்லைவிடத் தனிக் கல்லுக்கு வீரியம் அதிகம் என்று முடிவாயிற்று. பழக்கடைக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தெரு முழுக்கப் பூண்டு வாசனை அடித்ததுதான் நோயை விரட்டியது என்று அவர் இன்னமும் சொல்கிறார்.

நுரையின் உதட்டுக்கு வருவோம். பூண்டு சுட்டது ஆறத்தான் நாளாயிற்று. கடைசியில் ஒன்றும் போடாமல், ஒன்றும் தடவாமல் விட்டபோது அது பாட்டுக்குக் காய்ந்து விழுந்தது. காலையில் கண்ணாடியில் பார்த்தவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. எதையாவது தடவியிருந்தால் அதற்குப் பெயராவது வந்திருக்கும்.

கொழுந்தியாளிடம் போய் முகத்தை நீட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் தாடையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்றாள். பொறுத்தார். அதற்குப் பிறகுதான் வாசலைத் தாண்ட விட்டாள்.

பேரன் விழித்திருந்தான். நுரை அவனைத் தூக்கிக்கொண்டார், ஆனால் முத்தம் கொடுக்கவில்லை. முகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அப்படியே நிறுத்திக்கொண்டு பார்த்தார்.

"அதான் சரியாயிடுச்சுன்னு சித்தி சொல்லிட்டாங்களே அப்பா. குடுங்க," என்றாள் மகள்.

"உனக்குத் தெரியாது, விடு," என்றார் நுரை. குழந்தையின் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். அன்று காலையில் அவர் வழக்கத்தைவிட நன்றாகச் சவரம் செய்திருந்தார்.